கோயம்புத்தூரில் கப்பல் ஊதும் நேரம்

ஜூடிக்கு நாற்பத்தாறு வயது. வேளாங்கண்ணியைத் தாண்டி ஒரு ஊரையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பொள்ளாச்சியில் எந்த மாதம் காற்றுக்குத் தகரக் கூரை படபடக்கும், சங்கரன்கோவிலில் மத்தியானம் எத்தனை மணிக்குத் தெரு அடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லாமே காது வழியாக வந்துசேர்ந்த ஊர்கள்.

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு பழைய கட்டடம். கீழே மீன்வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை. மூன்றாவது மாடியில் முப்பது பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கிரைண்டர் கம்பெனிக்காகப் பேசுகிறார்கள். கம்பெனி இருப்பது கோயம்புத்தூரில். அதனால் யார் அழைத்தாலும் ‘வணக்கம், கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கிரைண்டர் என்றால் கோயம்புத்தூர் என்று ஜனங்கள் நம்புகிறார்கள், அதைக் கெடுப்பானேன் என்பது கம்பெனியின் நியாயம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வீதம் ஆறு வருஷம் சொன்னதில், அது பொய் என்பதே ஜூடிக்கு மறந்துபோயிருந்தது. சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் அதைச் சேர்த்ததில்லை.

அவளுடைய இருக்கை சன்னலோரம். வெளியே துறைமுகத்துக் கிரேன்கள், அவற்றுக்குப் பின்னால் வெயிலில் வெளுத்த ஒரு துண்டுக் கடல். அழைப்பு வந்ததும் கண் கணினித் திரையில் இருக்கும், மனம் மட்டும் கிளம்பிப் போய்விடும். ஈரோட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தி பெல்ட் அறுந்துபோன கதையைச் சொல்கிறாள் என்றால், அந்தக் குரலுக்குப் பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்கும். உடனே கிரேன்கள் மறைந்து, ஒரு நீளமான ஓட்டு வீடும் வாசலில் காயப்போட்ட நூல் கட்டுகளும் சன்னலில் வந்து நிற்கும். தென்காசிக் குரல் என்றால் தூறல். மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் மாதம் ஒரு தடவையாவது அழைப்பாள். இட்லி மாவு அரைத்து விற்று ஜீவனம் நடத்துகிறவள், அவளுடைய கிரைண்டருக்கு ஓய்வே கிடையாது. அந்த இலங்கைத் தமிழுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சேவல் கூவிக்கொண்டிருக்கும், நேரங்காலம் தெரியாத சேவல். அதன் நிறம்கூட ஜூடிக்குத் தெரியும். உடம்பு செம்பழுப்பு, கழுத்தில் மட்டும் கறுப்பு. யாரும் சொல்லவில்லை, அவளாக முடிவு பண்ணிக்கொண்டது.

எல்லாக் குரலும் லேசில் புரிந்துவிடாது. புரியாத நேரத்துக்கென்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறது: ‘மன்னிக்கவும், தாங்கள் பேசுவது தெளிவாக இல்லை.’ ஜூடி அந்த வரியை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. ஒருத்தர் பிறந்ததிலிருந்து பேசிவருகிற பேச்சை, தெளிவாக இல்லை என்று சொல்ல இவர்கள் யார் என்று அவளுக்குக் கோபம் வரும். வடசென்னைக்காரிக்கு அந்தக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்? சினிமாவில் ரௌடி வந்தாலும் அவள் தெருப் பேச்சு, கோமாளி வந்தாலும் அவள் தெருப் பேச்சு.

ஆகவே அவள் பழியை ஹெட்போன் மேல் போடுவாள். ஹெட்போன் மக்கர் பண்ணுகிறது, கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை சொல்லுங்கள் என்பாள். உலகத்திலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய நல்ல ஹெட்போன் அதுவாகத்தான் இருக்கும். பிறகு, தான் பிடித்த மட்டும் திருப்பிச் சொல்வாள். கல் சுற்றுகிறது, மாவு நைசாகவில்லை, அதுவரைக்கும் பிடித்துவிட்டேன், அதற்கு முன்னால் ஒன்று சொன்னீர்களே, அதை நான்தான் விட்டுவிட்டேன் என்பாள். விட்டது அவள் தப்பு என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவர் தணிந்துவிடுவார். பாவம் இந்தப் பெண் என்று இரக்கப்பட்டு நிதானமாகச் சொல்லித் தருவார். இதில் ஒரே ஒரு சங்கடம்: கம்பெனி கணக்கில் ஒரு அழைப்புக்கு நான்கு நிமிஷம், ஜூடிக்கு ஏழோ எட்டோ ஆகும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரகாஷ் மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தார். முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, செய்தி வாசிக்கிற தமிழ். டீக்கடையில்கூட ‘ஒரு தேநீர் கிடைக்குமா’ என்று கேட்பார், டீ மாஸ்டர் ஒரு நொடி விழிப்பார். எந்தக் குரலுக்கும் ஊர் கண்டுபிடித்துவிடுகிற ஜூடிக்கு அந்தக் குரலுக்கு மட்டும் ஊர் அகப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். ஒரு வாசல் இல்லை, மரம் இல்லை, சாக்கடைகூட இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

அந்தப் பிரகாஷ்தான் திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டனுப்பினார். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது.

“உங்கள் உரையாடல்கள் மிக நீளமாக இருக்கின்றன, மேடம். தவிர, பேச்சில் வட்டார வாடை வருகிறது.”

வியாழக்கிழமை பின்னால் உட்கார்ந்து ஒரு அழைப்பை நேரடியாகக் கேட்கப் போவதாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தபடி பேசினால் சரி. இல்லாவிட்டால் முதல் தேதியிலிருந்து எழுத்துப் பிரிவு. வாட்ஸ்ஆப்பில் வருகிற புகார்களுக்குத் தட்டச்சில் பதில் போடுகிற வேலை அது. பின்கட்டில் சன்னல் இல்லாத அறை. சம்பளத்தில் ஒரு பைசா குறையாது என்று இரண்டு தடவை சொன்னார்.

பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற அவள் கணவன் செல்வநாதன், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டான். நல்லதாகப் போயிற்று, தொண்டைக்கு ஓய்வு என்றான். நல்ல மனுஷன், அவனிடம் எப்படிச் சொல்வது? குரல்கள் போய்விட்டால் நான் எங்கேயும் போக முடியாது என்று சொன்னால், இப்போது எங்கே போகிறாய் என்று கேட்பான். கேள்வியும் நியாயம்தான். சோறு வடிக்கிறபோது அவளுக்குக் கண் கலங்கியது. அந்தச் சேவல் கூவுவதை இனி யார் கேட்பார்கள்?

அவள் காது இப்படிப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் அப்பா இக்னேஷியஸ் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். படகின் முதலாளி வீடு பெரம்பூரில். அவ்வளவு தூரம் வயர்லெஸ் எட்டாது என்று, கரையில் வைக்கிற செட்டை டிரைவர் வீட்டு மாடியிலேயே வைத்துவிட்டார்கள். பதினாறு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் அதன் முன்னால் உட்கார்ந்தது ஜூடிதான். படகில் கன்னியாகுமரிக்காரர், நாகப்பட்டினத்துக்காரர், ஸ்ரீகாகுளத்துத் தெலுங்குக்காரர் எல்லோரும் இருப்பார்கள். அவரவர் பேச்சு அவரவருக்கு, அதன் மேல் இன்ஜின் சத்தம் வேறு. அதற்கென்று ஒரு முறை இருந்தது. கொஞ்சமாகச் சொல்லி ‘ஓவர்’ என்று நிறுத்த வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி ‘ஓவர்’ என்ற பிறகே அடுத்த பேச்சு. திருப்பிச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. புரியாததைப் புரிந்த மாதிரி ஊம் கொட்டினால் ஐஸ் இல்லாத இடத்துக்குப் படகு போய்ச் சேரும், ஆளுக்குச் சுகமில்லை என்று சொன்னது கரைக்கு வராமலே போகும்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு பிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜூடியின் பின்னால் உட்கார்ந்தார். காதில் இன்னொரு ஹெட்போன், மடியில் மதிப்பெண் தாள். சன்னலில் வெயில் புகையாக மிதந்தது. அதே நேரம் பக்கத்து இருக்கை மகிழினி, ஒரு அழைப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு அழாத குறையாகத் திரும்பினாள்.

“அக்கா, இந்த ஆளு நாலாவது தபா பண்றாரு. ஒண்ணும் வெளங்கல. நீ பாரேன்.”

பிரகாஷ் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. ஜூடி அழைப்பை வாங்கிக்கொண்டாள். திரையில் விவரம் வந்தது. பெயர் வில்சன், ஊர் கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. கீழே மூன்று தேதிகளில் மூன்று பேர் ஒரே மாதிரி பதிவு செய்திருந்தார்கள்: ‘வாடிக்கையாளர் பேசுவது புரியவில்லை. புகார் முடிக்கப்பட்டது.’

கோயம்புத்தூர் தலைமை அலுவலகம் என்று எழுதிக் கொடுத்தபடியே ஆரம்பித்தாள். மறுமுனையிலிருந்து ஒரே மூச்சில் நாற்பது ஐம்பது வார்த்தைகள் வந்து விழுந்தன. வயதான குரல், கடலோரத்துப் பேச்சு, பாதியை வாங்கிக்கொண்டு போகிற காற்று. ‘கேட்டியா’ என்பது மட்டும் அவள் கையில் நின்றது. ஹெட்போனைக் குறை சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். மூன்று முறை அவமானப்பட்ட மனுஷன், நான்காவது முறையும் அதேதான் என்று நினைத்திருப்பார். இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாகச் சொன்னார். திருப்பிச் சொல்ல அவளிடம் ஒரு துண்டுகூட இல்லை. ஐந்து நிமிஷம் போய்விட்டது. பின்னால் பேனா தாளில் எதையோ குறித்தது.

அப்புறம் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வைத்துவிட்டாரோ என்று பார்த்தாள், இல்லை. வெறுத்துப்போய்ச் சும்மா இருந்தார். அந்தச் சும்மாவுக்குப் பின்னால் ஜூடிக்குக் கடல் கேட்டது. அலை வந்து கல்லில் மோதித் திரும்புவதும், எங்கேயோ ஒரு படகின் இன்ஜின் இரண்டு தடவை இருமிப் பிறகு பிடித்துக்கொள்வதும் தெளிவாகக் கேட்டன. சன்னலில் கிரேன்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பிரகாஷ் இல்லை, தாள் இல்லை, மூன்றாவது மாடி இல்லை. அவள் வலது கை தானாக எழுந்து, பழைய செட்டில் பொத்தான் இருந்த இடத்தை வெறும் காற்றில் அழுத்தியது. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

“சொல்லு நைனா. கேட்டுகினு கீறேன். ஓவர்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. எழுதிக் கொடுத்ததில் நைனா கிடையாது, கீறேன் கிடையாது, ஓவர் எந்தக் காலத்திலும் கிடையாது. பின்னால் பேனா நின்றுவிட்டது.

மறுமுனையில் அதே குரல், தணிந்து, நிதானமாக வந்தது.

“எனக்க பேரு வில்சன். ஓவர்.”

“உன் பேரு வில்சன். ஓவர்.”

“கிரைண்டரு நல்லா ஓடுது. ஒரு கொறையும் இல்ல. ஓவர்.”

ஜூடி அதையும் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போதே ஆச்சரியமாக இருந்தது. குறை இல்லையென்றால் நான்கு தடவை எதற்கு அழைத்தார்?

இரண்டிரண்டு வார்த்தையாக அவர் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, விஷயம் கரைக்கு வந்தது. இருபது நாளைக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து ஒரு ஒல்லிப் பையன் கிரைண்டரைச் சரிபார்க்க வந்திருக்கிறான். டிரம்முக்குள் கை விடுவதற்கு முன்னால் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்தான். வேலையை முடித்தான், பால் விடாத கட்டன்சாயா குடித்தான், மோதிரத்தை மறந்துவிட்டுப் போய்விட்டான். உள்பக்கம் லீனா என்று பேர் வெட்டியிருக்கிறது. கல்யாண மோதிரம். அவன் நம்பர் தெரியாது, இவருக்குக் கால் முடியாது, நாகர்கோவில் வரைக்கும் போய்த் தேட ஏலாது. வேறு யாரையாவது விட்டுப் பேசச் சொல்லியிருக்கலாமே என்று ஜூடி மெல்லக் கேட்டாள்.

“கல்யாண மோதிரத்தக் கழட்டி விட்டுட்டுப் போனான்னு ஊருக்குத் தெரிஞ்சா பய பேரு கெட்டுப்போவும், மக்களே. எனக்க பெண்டாட்டிக்கிட்டகூடச் சொல்லேல. ஓவர்.”

மகளை அழைப்பது போல மக்களே என்று அழைத்த அந்த மனுஷனை ஜூடிக்குக் கும்பிடத் தோன்றியது. முன்பின் தெரியாத ஒரு பையனின் மானத்தைக் காப்பாற்ற, தன் மானத்தை நான்கு தடவை இங்கே கொண்டுவந்து தொலைத்திருக்கிறார். மூன்று தடவை இங்கிருந்தவர்கள் அதை முடிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பதிவைத் தோண்டிப் பையனின் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தாள். பெயர் ஷிபின். மார்த்தாண்டத்தில் யார் வீட்டிலோ ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தான். மோதிரம் என்றதும் கிடைத்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான். பிறகு, டைட் பண்ணக் கடையில் கொடுத்திருப்பதாக இருபது நாளாக வீட்டில் சொல்லிவருவதாகவும், நேற்று லீனா அந்தக் கடைக்கே கிளம்பிவிட்டதாகவும், வண்டியில் பெட்ரோல் இல்லை என்று ஏதோ சொல்லித் தடுத்ததாகவும் ஒப்புக்கொண்டான். இப்போதே போகிறேன் அக்கா என்றான். அவன் பின்னால் அந்த வீட்டுக்கார அம்மா கைவேலையை முடிக்காமல் எங்கே ஓடுகிறாய் என்று அதட்டுவதும் கேட்டது.

ஷிபின் வருகிறான் என்று வில்சனிடம் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். இனி முடிக்கிற வரி மட்டும்தான் பாக்கி, ‘வேறு ஏதேனும் உதவி வேண்டுமா’ என்று கேட்கிற வரி. அதைச் சொல்ல வாயெடுத்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

“ஒண்ணு கேக்கட்டா மக்களே? கோயமுத்தூருல கப்பல் எப்பிடி ஊதுது? ஓவர்.”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆறு வருஷத்தில் ஒருத்தரும் அவள் குரலுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று பார்த்ததில்லை. ஊர் ஊராக அவள்தான் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் வாசலுக்கு யாரும் வந்ததில்லை. பின்னால் பிரகாஷ் இருக்கிறார். சன்னல் இல்லாத அறை இருக்கிறது. டிவி சத்தமாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை. இந்த மனுஷனிடம் பொய் சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருந்து என்ன பிரயோஜனம்?

“இது ராயபுரம் நைனா. கல்மண்டபத்தாண்ட. ஓவர்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு, பல்லில்லாத சிரிப்பாக இருக்க வேண்டும். காசிமேட்டுப் படகில் பன்னிரண்டு வருஷம் வலை இழுத்தவனாக்கும் நான் என்றார். ஓவர் என்று அவள் சொன்னபோதே சந்தேகம் தட்டியதாகச் சொன்னார். அதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. பக்கத்தில் ராயப்பர் தேவாலயத்து மணி அடிக்க ஆரம்பித்தது.

“மக்களே, போனைக் கொஞ்சம் சன்னலுக்குக் காட்டு. ஓவர்.”

பேசாமல் விடுகிற ஒவ்வொரு நொடிக்கும் மதிப்பெண் குறையும் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஜூடி ஹெட்போனைக் கழற்றினாள். எழுந்து, சன்னல் கம்பிக்கு வெளியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. கன்டெய்னர் லாரி ஒன்று ஏர் பிரேக்கைப் போட்டுப் பெருமூச்சு விட்டது. கீழே வலைக்கடைக்காரர் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டினார், காற்றில் கருவாட்டு வாசம் வந்தது, அதை மட்டும் அனுப்ப வழியில்லை. மற்ற எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். கடைசி மணி ஓயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

திரும்ப மாட்டிக்கொண்டதும் வில்சனின் குரல் வந்தது.

“முழுசும் கேட்டுது. ஓவர்.”

“முழுசும் கேட்டுது. ஓவர்” என்று முறைப்படி திருப்பிச் சொன்னாள் ஜூடி. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரையில் முப்பத்தொரு நிமிஷம் என்று காட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிரேன்கள் ஒவ்வொன்றாகச் சன்னலுக்குத் திரும்பி வந்து நின்றன. இனி இவற்றைப் பார்க்க வேண்டுமானால் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது. தாளை நான்காக மடிக்கிற சத்தம் கேட்டது. ‘மேடம்’ என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தாள்.

“இன்னாக்கா, அப்டியே குந்திகினு கீற. அடுத்த கால் வந்துகினு கீது பாரு. எடு.”

யார் பேசியது என்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. கண்ணை மூடினாள். பிரகாஷின் வெள்ளையடித்த சுவரில் வாசல் திறந்தது. ஹவுசிங் போர்டு மாடிப்படி, குடம் வரிசை, லாரித் தண்ணீருக்கு ஓடுகிற கால்கள், யாரோ ஒருத்தி மாடியிலிருந்து ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். புளியந்தோப்பு. சந்தேகமே இல்லை, இதே வடசென்னைப் புளியந்தோப்புதான்.

சரிப்பா என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். வணக்கம் சொல்வதற்குள் மறுமுனையில் சேவல் கூவியது.